துருவி

பட்டறையில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் துருவி. எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் வந்தது. துருவோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பாக இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேராக யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும். முதலில் வைத்தது யார் என்றுகூட விசாரித்து வைத்திருந்தாள்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே நுழைந்தால் வரிசையாகத் தொட்டிகள். வண்டிக் கதவுகளுக்கு மாட்டுகிற இரும்புக் கீல்கள் லாரியில் வந்து இறங்கும். முதல் தொட்டியில் பிசுக்குப் போகும், அடுத்ததில் ஆசிட், அப்புறம் தண்ணீர், அப்புறம் பாஸ்பேட். பாஸ்பேட் தொட்டியிலிருந்து வெளியே வரும்போது பளபளவென்று இருந்த இரும்பு, சாம்பல் பூசினாற்போல மங்கலாக மாறியிருக்கும். மறுபடி இரண்டு தண்ணீர், ஒரு வெந்நீர், பிறகு சூடான காற்று அடிக்கிற அறை. கடைசியில் எண்ணெய்.

புதிதாக வருகிறவர்கள் அந்தச் சாம்பல் பூச்சுதான் துருவைத் தடுக்கிறது என்று நினைப்பார்கள். அது பாதி உண்மை. அந்தப் பூச்சு மை ஒற்றும் தாள் மாதிரி. முதலில் எது பட்டாலும் உறிஞ்சிவிடும். எண்ணெய் பட்டால் எண்ணெயைக் குடித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். ஈரம் பட்டால் ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு பொறுமையாகத் துருப்பிடிக்க விடும். அதனால் காற்றறைக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரம்தான் பட்டறையிலேயே ஆபத்தான நேரம்.

துருவியின் இடம் எண்ணெய்த் தொட்டியைத் தாண்டி, கடைசி மேசை. எண்ணெய் வடிந்த கீல்களை விளக்கடியில் திருப்பிப் பார்த்து, நல்லதைப் பெட்டியில் அடுக்குவாள். பதினாறு வருடமாக அதே மேசை. அவள் பார்த்துவிட்ட பெட்டியை முதலாளி மறுபடி திறந்து பார்த்ததில்லை.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை. கல்யாணமான புதிதில் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவளாகத்தான் இருந்தாள். கணவன் தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போவான், பொழுது சாய்ந்ததும் வருவான். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்க அச்சகத்துக்குப் போனாள். கதவில் பூட்டு. பூட்டில் ஒட்டடை. பக்கத்துக் கடைக்காரர், "அது மூடி வருஷம் ஆகப்போகுதேம்மா" என்றார். அவனைத் தேடிப் பிடித்தது பேருந்து நிலையத்தில். நீளமான சிமெண்ட் பெஞ்சில், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சம்பளம் என்று கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் மூட்டை தூக்கிச் சேர்த்தது.

அவள் சண்டை போடவில்லை. அடுத்த வாரமே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் உள்ளே வைத்ததில்லை. கணவன் இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறான். நல்ல மனிதன். ஆனாலும் அவன் சொல்வதை அவள் மனதுக்குள் ஒருமுறை உரசிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போது ஓரகத்தி வந்து சேர்ந்தாள்.

கொழுந்தன் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டு, மாடிப் பகுதியில் குடித்தனம் வைத்தான். ஓரகத்தி அதிகம் பேச மாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில். வாயைத் திறக்காதவள் எதையோ மூடி வைத்திருக்கிறாள் என்பது துருவியின் கணக்கு. எண்ணெய்த் தொட்டியில் வேலை பார்த்த பெண் ஊர் மாறிப் போனபோது, ஓரகத்தி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் நேராக முதலாளியைப் பார்த்து வேலை கேட்டுவிட்டாள். மறுநாள் காலை துருவி உள்ளே நுழைந்தால், எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் கையுறை போட்டுக்கொண்டு அவள் நிற்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னு தோணல அக்கா. வேலை கிடைக்குமான்னே தெரியாது."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் துருவிக்கு உறுத்தியது.

அன்றிலிருந்து அவள் தன் மேசையில் மட்டும் நிற்கவில்லை. காற்றறையிலிருந்து கூடை வந்ததும், எண்ணெயில் இறங்குவதற்கு முன்னால் இந்தப் பக்கம் வந்து, ஒவ்வொரு கூடையிலும் நாலைந்து கீல்களை எடுத்துத் தடவிப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்ததா, அவசரத்தில் ஈரத்தோடு முக்குகிறாளா என்று தெரிய வேண்டாமா? கையுறையோடு தடவினால் ஈரம் தெரியாது. வலது கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். ஓரகத்தி பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மழைக்காலம் தொடங்கியதும் முதல் பெட்டி திரும்பி வந்தது. முதலாளி அதை அவள் மேசையிலேயே வைத்துத் திறந்தார். எண்ணெய் பூசிய சாம்பல் கீல்களில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். எல்லாவற்றிலும் இல்லை. பத்துக்கு ஒன்று. விரல் நகம் அளவுக்கு, கொஞ்சம் நீள்வட்டமாக.

"நீதானே பாத்து அனுப்பினே?" என்றார் முதலாளி. கோபமாகக் கேட்கவில்லை. அவள் பெட்டியை விளக்கடிக்கு இழுத்தாள்.

"நான் பாத்தப்ப இது இல்ல சார். இது உள்ளேருந்து வந்திருக்கு. யாரோ முன்னாடியே கோளாறு பண்ணியிருக்காங்க."

முதலில் அவள் போனது ஆசிட் அண்ணனிடம். தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஆசிட் தொட்டிக்கு அடுத்த தண்ணீரை மாற்றச் சோம்பல்பட்டால் ஆசிட் ஒட்டிக்கொண்டே வரும், பூச்சுக்கு அடியில் தின்னும். அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துத் தண்ணீரில், ஆசிட் இருந்தால் சிவக்கிற சோதனைத் தாளை நனைத்தாள். தாள் நிறம் மாறவில்லை. திரும்பினால் பின்னால் அவர் நிற்கிறார்.

"என் தண்ணியில முகமே கழுவலாம். வேணும்னா கழுவிக்க."

"தாளைத்தான் பாத்தேன் அண்ணே."

"என்னையும் நனைச்சுப் பாத்துடு. நிறம் மாறுறேனா பாரு."

அடுத்து எண்ணெய். முதலாளியே மலிவான சரக்கை வாங்கி ஊற்றுகிறாரோ என்று ஒரு எண்ணம். சின்னக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், கழித்துப் போட்ட ஒரு கீலைத் துணியோடு பிடித்து, அதன்மேல் கரண்டியால் ஊற்றிக் குளியலறை ஜன்னலில் வைத்தாள். கணவன் குப்பியை முகர்ந்து பார்த்து, "தலைக்கா, தோசைக்கா?" என்றான். வாரக்கணக்கில் ஈரத்தில் கிடந்தும் கீல் அப்படியே இருந்தது. எண்ணெயிலும் குற்றம் இல்லை.

மிச்சம் ஒருத்திதான். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. இத்தனை வருடம் வராத துரு, அவள் வந்த பிறகுதான் வந்தது. கூடையை எண்ணெயில் இறக்கத் தாமதிக்கிறாள். சில நேரம் கூடையிலிருந்து கீல்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெந்நீர்த் தொட்டிப் பக்கம் போகிறாள். எதற்கு என்று கேட்டால், "சரியா காயல அக்கா" என்கிறாள். துருவி தடவிப் பார்த்தபோது எல்லாம் காய்ந்துதான் இருந்தது. காய்ந்ததை மறுபடி ஏன் நனைக்க வேண்டும்?

தன் மேசையைப் பறிக்கத்தான் என்று துருவி முடிவுகட்டினாள். பார்த்து அனுப்பிய பெட்டிகள் திரும்பி வந்தால் பார்த்தவளுக்குத்தானே கெட்ட பெயர். அந்த இடம் காலியானால் பக்கத்தில் நிற்பவள்தானே வருவாள். வீட்டில் மாடிப்படியில் காலடி கேட்டால்கூட அவளுக்குத் தன்னை வேவு பார்ப்பதுபோல் இருந்தது.

ஒரு மதியம், சாப்பிடும் அறையில் ஓரகத்தி கை கழுவப் போனபோது, அவளுடைய பையை நகர்த்தி வைக்கிற சாக்கில் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. உள்ளே கை விட்டாள். பிளாஸ்டிக் உறையில் சுற்றி, இரும்பு.

துருவி சாப்பிடவில்லை. நேராக முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"அவ பையைத் தொறந்து பாக்கச் சொல்லுங்க சார்."

எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆசிட் அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஓரகத்தி மறுக்கவில்லை. பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டிலும் ஈரத் துணியில் சுற்றிய ஒவ்வொரு கீல். ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றில் அதே பழுப்பு நீள்வட்டங்கள்.

"என்னம்மா இது?" என்றார் முதலாளி.

"ஒரு விஷயம் சரிதானான்னு பாத்தேன் சார். நல்லா இருக்கிறது நான் வெறுங்கையால தொட்டது."

"அப்ப துருப்பிடிச்சது?"

"இன்னொருத்தர் தொட்டது."

"யாரு?"

ஓரகத்தி துருவியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். "அது வேணாம் சார்."

"கதை விடுறா சார்" என்றாள் துருவி. "ஈரத் துணியில சுத்திச் சுத்தித்தான் துருவே வளக்குறா. அதைக் கொண்டாந்து பெட்டியில கலந்துட்டா போதாதா?"

அது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பட்டறைப் பொருளைச் சொல்லாமல் பையில் வைத்திருந்தது ஒன்று, யார் என்று சொல்ல மறுத்தது ஒன்று. முதலாளி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். பிறகு, "நாளையிலருந்து வரவேணாம்" என்றார். ஓரகத்தி கையுறைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

துருவிக்கு அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாடியில் அழுகைச் சத்தம் கேட்கும் என்று காது கொடுத்துப் படுத்திருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கொழுந்தன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். படியில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டான், அந்நியருக்கு விடுவது மாதிரி. கணவன் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"என்னைக் கண்டுபுடிச்சே. அது சரி. அதுக்காக உலகத்துல எல்லாருமே டப்பாவோட பேருந்து நிலையத்துல உக்காந்திருக்காங்கன்னு நினைச்சுடாதே."

"நீங்க அவளுக்கு வக்காலத்தா?"

"நான் யாருக்கும் இல்ல" என்றான் அவன்.

எண்ணெய்த் தொட்டி வேலையையும் சேர்த்துத் தானே பார்த்துக்கொள்வதாகத் துருவி முதலாளியிடம் சொல்லியிருந்தாள். இனி எவளையும் நம்புவதாக இல்லை. கூடைக்கு நாலைந்து என்று பார்த்தது போய், கைக்கு வந்ததையெல்லாம் தடவிப் பார்த்துத்தான் எண்ணெயில் இறக்கினாள். மேல் வரிசையில் அவள் விரல் படாத கீல் ஒன்றுகூட இல்லை. அந்த நாட்களில் அவளுக்கு வலது கையுறை தேவையே படவில்லை.

பெட்டிகள் திரும்பி வந்தபோது ஒன்றல்ல, லாரியில் பாதி. பத்துக்கு ஒன்று என்று இருந்தது இப்போது மேலடுக்கு முழுவதும் பழுப்பு. முதலாளி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப யாரைச் சொல்லப்போறே?" என்றார்.

அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. ஒரு கணம், ஓரகத்தி யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்துபோகிறாளோ என்றுகூட நினைத்தாள். பிறகு அந்த நினைப்பு அவளுக்கே கேவலமாகப் பட்டது. ஒரு கீலைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் ஒரு பழுப்புப் புள்ளியின்மேல் உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் இரண்டு புள்ளிகள், அவளுடைய இரண்டு விரல்களுக்கு அடியில். இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. சூடான எதையோ தொட்டதுபோல் அதைக் கீழே வைத்தாள்.

வீட்டுக்குப் போய் கைப்பையைக்கூட இறக்காமல் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். கத்தரிக்கோலின் அலகு நன்றாக இருந்தது. விரல் நுழைகிற வளையம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. தகர டப்பாவில் மூடி மட்டும், அதுவும் அவள் பிடித்துத் திறக்கிற ஓரம் மட்டும் அரித்திருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இரண்டு தடவை டப்பாவை மாற்றி வாங்கியிருந்தாள். உள்ளங்கையை விளக்குக்கு நேரே பிடித்தாள். ரேகைகளில் மெல்லிய ஈரம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுதுகிற தாள் நனையும் என்று பள்ளிக்கூடத்தில் கைக்குட்டையோடு எழுதுவாள். அதை ஒரு குற்றமாக இதுவரை நினைத்ததில்லை.

மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்த ஓரகத்தி, உள்ளே வரச் சொல்லவும் இல்லை, வழியை மறிக்கவும் இல்லை.

"எப்பலருந்து தெரியும் உனக்கு?"

"முதல் பெட்டி வந்தப்பவே." ஓரகத்தி கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டாள். "முன்னாடி நான் பேரிங் கம்பெனியில இருந்தேன். அங்க புதுசா வர்றவங்களை ஒரு இரும்புத் தகட்டைத் தொடச் சொல்வாங்க. ரெண்டு நாள் விட்டுப் பாப்பாங்க. சிலர் வேர்வையில உப்பு ஜாஸ்தி. துரு வந்துடும். அவங்களுக்கு வேற வேலை. உங்க கை பட்டது மேலேயே எண்ணெய் போட்டா, வேர்வை உள்ளே மாட்டிக்குது."

"அதான் மறுபடி வெந்நீர்ல அலசினியா?"

"நீங்க தொட்டதுல கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்து அலசி, காத்தறையில வச்சு, அப்புறம்தான் முக்குவேன். எல்லாத்தையும் புடிக்க முடியல. தப்பிச்சதுதான் பெட்டியில போச்சு."

இத்தனை நாள் தன் கண்ணெதிரேயே நடந்ததை, துருவி பார்த்துப் பார்த்துத் தப்பாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

துருவி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

"அதான். முதலாளிகிட்ட சொன்னா உங்க வேலை போகும். சொல்லாட்டி என் வேலை போகும்னு அப்ப நினைக்கல."

"என் வேலை போனா உனக்கென்ன?"

அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்த பிறகுதான், இப்போதும் அவளைத் துருவுகிறோம் என்பது துருவிக்கு உறைத்தது. ஓரகத்தி கோபப்படவில்லை.

"ஒரே வீட்டுல இருக்கணுமே அக்கா. அதோட, உங்களைப் பாத்தா பயம்."

இரக்கமா, பயமா, எது எவ்வளவு என்று துருவியால் பிரிக்க முடியவில்லை. "இப்ப உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"என் வேலை திரும்ப வேணும். பையை எல்லார் முன்னாடியும் தொறந்தாங்க. அதனால எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

மறுநாள் ஓரகத்தியையும் பட்டறைக்குக் கூட்டி வந்து, டீ நேரத்தில் துருவி சொன்னாள். முதலாளியிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லியிருந்தாள். அவர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பதினாறு வருஷமா இதே கைதானேம்மா?" என்று கேட்டார். முன்பெல்லாம் எண்ணெய்க்குப் பிறகுதான் தொட்டேன், இப்போதுதான் எண்ணெய்க்கு முன்னால் தொட ஆரம்பித்தேன் என்று விளக்கினாள். ஏன் ஆரம்பித்தாய் என்று அவர் கேட்கவில்லை. பிறகு டம்ளர்களோடு சுற்றி நின்றவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

"துரு என் கையால வந்தது. அவ மேல பழி போட்டது நான். அவ பையில இருந்தது திருட்டு இல்ல. எனக்காகப் பாத்த சோதனை."

ஆசிட் அண்ணன் டீயை உறிஞ்சிவிட்டு, "என் தண்ணியையும் சேத்துச் சொல்லிடு" என்றார்.

"அண்ணன் தண்ணியிலயும் குத்தம் இல்ல" என்றாள் துருவி. அப்போதுதான் நாலு பேர் சிரித்தார்கள். ஓரகத்தி சிரிக்கவில்லை. கையுறைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

முதலாளி துருவியை அனுப்பவில்லை. கடைசி மேசையிலிருந்து முதல் தொட்டிக்கு மாற்றினார். லாரியிலிருந்து இறங்குகிற கீல்களைக் கூடையில் அடுக்குகிற வேலை. அங்கே அவள் கை பட்டால் பரவாயில்லை, அடுத்த இரண்டு தொட்டிகளில் எல்லாம் கழுவிப் போய்விடும். எண்ணெய்க்கு முன்னால் வெறுங்கை படக்கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினார்கள். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க விரலுக்குப் பதில் வெள்ளைத் தாளை ஒற்றி எடுத்தார்கள். துருவி கேட்டுக்கொண்டபடி, ஒவ்வொரு நாள் சரக்கிலிருந்தும் இரண்டு கீல்களை ஈரப்பதமான ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டு வைத்தார்கள். தினமும் காலையில் வந்ததும் அவள் அதைக் குனிந்து பார்ப்பாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. மழைக்காலம் முடிகிறவரை அதில் புள்ளி விழவில்லை. கடைசி மேசைக்கு ஓரகத்தியைப் போடலாமா என்று முதலாளி அபிப்பிராயம் கேட்டபோது, அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. இதற்குத்தானோ என்று பழைய நினைப்பு தலைதூக்கியது. "போடுங்க சார், அவளுக்குக் கண்ணு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு பேரும் நெருங்கிவிடவில்லை. ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே பேருந்தில் ஏறி, பெரும்பாலும் பேசாமல் வருவார்கள். கொழுந்தன் பேசுவதற்கு அடுத்த மழை வர வேண்டியிருந்தது.

ஒரு மாலை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஓரகத்தி கேட்டாள். "மாடிச் சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்ல அக்கா?"

இருந்தது. அவர்கள் மாடியில் குடிவந்த அன்றே, யாருக்கும் சொல்லாமல் செய்து வைத்துக்கொண்டது. ஓரகத்திக்கு இது எப்படித் தெரிந்தது, எப்போதிருந்து தெரியும் என்று கேட்கத் துருவிக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. உள்ளே போய், அலமாரியின் அடியிலிருந்து சாவியைத் துணியால் பிடித்து எடுத்து வந்து, ஓரகத்தியின் கையில் கொடுத்தாள். ஓரகத்தி அதை வாங்கிக்கொண்டு, "காலையில ஏழரைக்குக் கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.